மாலுமிக் கல்லூரியின் நடுவர்

வட்டக்கச்சியிலிருந்து காலையில் சைக்கிளில் வெளிக்கிட்டால் மத்தியானத்துக்குத்தான் கடலைக் காணலாம். அந்த ஊரில், ஒரு பழைய நெற்களஞ்சியத்துக்குள், மாலுமிப் பயிற்சிக் கல்லூரி ஒன்று நடந்தது. முல்லைத்தீவுக் கரையில் இருந்த கல்லூரி அது. சண்டை அதைக் கரையிலிருந்து கிளப்பியபோது, அதிபர் ராஜரத்தினம் இரண்டு தோணிகளையும் நான்கு எஞ்சின்களையும் பதினாறு செம்மஞ்சள் உயிர்காப்பு அங்கிகளையும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, நெல்மூட்டை அடுக்கிய இடத்தில் கரும்பலகையை மாட்டிவிட்டார். அவர் இருபத்திரண்டு வருடம் சரக்குக் கப்பல்களின் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். எந்த நிலத்தில் நின்றாலும் கால்களை அகட்டித்தான் நிற்பார்.

தொண்ணூற்று நான்காம் ஆண்டு அங்கே அறுபது பேர் படித்தார்கள். பாதிப்பேர் முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள். மற்றவர்கள் குடியேற்றத் திட்டத்து விவசாயக் குடும்பத்தவர்கள். இவர்களில் பலர் கடலைப் படத்தில் மட்டும் பார்த்திருந்தார்கள். வலை பின்னவும் எஞ்சின் திருத்தவும் படிக்கப் பத்துப் பன்னிரண்டு பெண்பிள்ளைகளும் இருந்தார்கள்.

தாட்சாயினி அங்கே தட்டெழுத்துக்காரி. இருபத்தாறு வயது. அப்பா பரமலிங்கம் வட்டக்கச்சியில் வயல் செய்தார். நாடா காய்ந்துபோன தட்டெழுத்துப் பொறியில் விளக்குக்கரியும் எண்ணெயும் குழைத்துப் பூசி, கல்லூரியின் கடிதங்களையெல்லாம் அவள்தான் அடித்தாள். கதைப்பது குறைவு. கதைத்தாலும் கேட்பவர் காதை நீட்டிக் கேட்கவேண்டும். பள்ளிக்கூடக் காலத்தில், மாணவரை அணிகளாகப் பிரித்த இல்லங்களுக்கிடையே விளையாட்டுப் போட்டி வந்தால் அவள் ஓடமாட்டாள், ஓடுகிறவர்களின் செருப்புகளுக்குக் காவல் இருப்பாள்.

ஆனியில் விளையாட்டு ஆசிரியர் தாயின் வைத்தியத்துக்காக வவுனியாவுக்குப் போனார். போனவருக்குத் திரும்பிவரப் பயண அனுமதிப் பாஸ் கிடைக்கவில்லை. ஆடியில் கல்லூரியின் இல்ல விளையாட்டுப் போட்டி. அதிபர் தாட்சாயினியைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இந்த முறை போட்டியை நீர்தான் நடத்தவேணும்."

"நானோ சேர்?"

"என்ன சொன்னனீர்?"

"நானோ எண்டு கேட்டனான், சேர்."

"ஓம், நீர்தான். மற்ற மாஸ்டர்மார் எல்லாருக்கும் ஒவ்வொரு இல்லம் இருக்கு. ஒரு இல்லமும் இல்லாத ஆள் நீர் ஒராள்தான்."

அலுமாரியின் அடித்தட்டில் அட்டை கழன்ற ஒரு சட்டப் புத்தகம் கிடந்தது. ஓட்டம், கரப்பந்து, படகோட்டம் எல்லாவற்றுக்குமான விதிகள் அதில் இருந்தன. தாட்சாயினி அதை வீட்டுக்குக் கொண்டுபோய் நான்கு நாள் வாசித்தாள். அவளுக்கே வியப்பாக இருந்தது, அந்தப் புத்தகம் அவளுக்குப் பிடித்துப் போயிற்று. ஒரு வீரர் தன் காலணி நாடாவை எப்போது கட்டலாம் என்பதற்குக்கூட அதில் ஒரு விதி இருந்தது. உலகத்தில் இப்படி ஒரு ஒழுங்கு இருப்பது தெரியாமல் இத்தனை வருடம் செருப்புக்குக் காவல் இருந்தோமே என்று நினைத்தாள். முக்கியமான அறுபத்திரண்டு விதிகளைத் தமிழில் எழுதி, தட்டெழுத்தில் அடித்துச் சுவரில் ஒட்டினாள்.

இல்லங்கள் மூன்று. அதிபர் காற்றுகளின் பெயரை வைத்திருந்தார்: வாடை, சோளகம், கச்சான். வாடைக்குத் தலைவர் அனிஸ்ரன், முல்லைத்தீவுக் கரைப் பெடியன், நடக்கப் பழகுமுன்னே நீந்தப் பழகியவன். சோளகத்துக்குச் சுகிர்தன், வட்டக்கச்சி விவசாயியின் மகன், நீச்சல் இன்னும் சரிவராதவன். கச்சானுக்கு நிதர்சனா, எஞ்சின் வகுப்பில் முதலாவதாக வருகிற பெண். கச்சான் என்றால் மேற்குக் காற்று என்று அதிபர் எத்தனை தரம் விளக்கினாலும், ஊரில் எல்லோருக்கும் அது வறுத்துத் தின்கிற கச்சான்தான், நிலக்கடலை. "என்ன, வறுபட்டாச்சோ?" என்று மற்ற இல்லத்தார் கேட்பார்கள். நிதர்சனா ஒருநாள் பொறுத்தாள், இரண்டு நாள் பொறுத்தாள், மூன்றாம் நாள் தன் இல்லத்துக் கொடியில் பெரிதாக ஒரு கச்சான் கோதைப் படமாகக் கீறிவிட்டாள்.

சாமான் எதுவும் இல்லை. பொருளாதாரத் தடை காரணமாகக் கிளிநொச்சிக் கடைகளில் குளிக்கிற சவர்க்காரம் கிடைப்பதே அரிதாக இருந்த காலம். கோடு போடச் சுண்ணாம்பு இல்லை, ஆலையிலிருந்து உமிச்சாம்பல் வந்தது. கரப்பந்து வலையை வாடை இல்லத்தார் ஒரே பின்னேரத்தில் பின்னித் தந்தார்கள். அது அருமையான வலை, ஆனால் அறக்குளா போன்ற பெரிய மீன் பிடிக்கிற கண்ணளவு. பந்து இரண்டு தரம் அதற்குள் சிக்கியது, ஒரு தரம் அனிஸ்ரனே சிக்கினான். விசிலும் இல்லை. தாட்சாயினி உயிர்காப்பு அங்கி ஒன்றில் தொங்கிய செம்மஞ்சள் விசிலைக் கழற்றி எடுத்தாள். கப்பல் தாழும்போது உதவி கேட்டு ஊதுவதற்காகச் செய்த விசில் அது. ஒரு மைல் தூரத்துக்குக் கேட்கும்.

முதலாவது கரப்பந்து ஆட்டத்தில் அனிஸ்ரன் துள்ளி அடித்தபோது அவன் கை வலையில் பட்டது. முப்பத்தோராம் விதி. தாட்சாயினி விசிலை வாயில் வைத்து ஊதினாள்.

அறுபது பேரும் அப்படியே நின்றார்கள். துள்ளியவன் இறங்கி நின்றான். வேலிக்கு வெளியே போய்க்கொண்டிருந்த ஒரு மாட்டு வண்டிகூட நின்றது. வாழ்க்கையில் முதல்தரம் அறுபது பேர் தாட்சாயினியைப் பார்த்து, அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தார்கள்.  

"வலையில கை பட்டுது," என்றாள். ஒருவரும் காதை நீட்டவில்லை. எல்லோருக்கும் கேட்டிருந்தது.

"படேல்லை மிஸ்!"

"பட்டுது தம்பி. வலை இன்னும் ஆடுது, பாருங்கோ."

வலை ஆடிக்கொண்டுதான் இருந்தது. தாட்சாயினி, தேவையே இல்லாமல், இன்னொரு தரம் ஊதினாள்.

அன்றைக்குத் தொடங்கியது. சோற்றுக்கு வரிசையில் முந்தியவனுக்கு விசில். கிணற்றடியில் வாளியை விட்டுவிட்டுப் போனவனுக்கு விசில். ஒருநாள் அதிபர் தன் கதிரையை நகர்த்தும்போது தரையில் கீறிச் சத்தம் வந்தது, அவளையறியாமல் ஊதிவிட்டாள். அதிபர் கையைத் தூக்கி, "மன்னிக்கவேணும் பிள்ளை," என்றார். வீட்டில் அம்மா கமலேஸ்வரி, "இந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது? குசினிக்குள்ள நிண்டு பாட்டுப் பாடுறாள்," என்று அக்கம்பக்கத்தில் சொன்னாள்.

நூறு மீற்றர் இறுதி ஓட்டம் நடந்த அன்று எட்டுப்பேர் கோட்டில் குனிந்து நின்றார்கள். தொடங்குவதற்கு வெடி வைக்கும் வழக்கம் அங்கே இல்லை, வெடிச்சத்தம் கேட்டால் ஊரே ஓடிவிடும். தாட்சாயினி விசிலை வாயில் வைத்தாள். அந்த நேரம் தெற்கே குண்டு போடுகிற பொம்மரின் இரைச்சல் கேட்டது. அவள் ஊதவில்லை. ஆனால் எட்டுப்பேரும் ஓடினார்கள், முடிவுக்கோட்டுக்கு நேரெதிர்ப் பக்கமாக, பதுங்குகுழியான பங்கரை நோக்கி. அப்படி ஒரு வேகத்தை அந்த மைதானம் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. பார்க்க வந்தவர்களும் பின்னால் ஓடினார்கள். தாட்சாயினி கடைசியாகக் குதித்தாள்.

விமானம் வடக்கே போய்விட்டது. சத்தம் முற்றாக அடங்குமுன்னே பங்கரின் இருட்டுக்குள் சுகிர்தனின் குரல் கேட்டது.

"மிஸ், நான்தான் முதலாவதாய் உள்ளுக்க வந்தனான். எழுதுங்கோ."

"இவன் பொய் சொல்லுறான் மிஸ்! நான் இவனுக்கு மேலதான் விழுந்தனான்," என்றான் அனிஸ்ரன்.

"நீ மேல விழுந்தனி எண்டால் நான் கீழ இருந்திருக்கிறன். அப்ப ஆர் முதல்?"

பங்கருக்குள் சிரிப்புத் தொடங்கியது. ஒருவர் சிரிப்பை அடக்கப் பார்த்து மற்றவர் தோளில் முகத்தைப் புதைக்க, அந்தத் தோளும் குலுங்கியது. தாட்சாயினி இருட்டில் எழுந்து நிற்கப் பார்த்து, கூரையின் மரக்குற்றியில் தலையை இடித்துக்கொண்டாள்.

"பங்கருக்குப் புள்ளி இல்லை," என்றாள். "விசில் ஊதேல்லை. எட்டுப் பேரும் பிழையான தொடக்கம். வெளியில வந்து முதல்ல இருந்து ஓடுங்கோ."

மறுபடி ஓடியபோது எட்டுப்பேருக்கும் இளைத்துவிட்டது. நிதர்சனாவின் இல்லத்திலிருந்து ஒரு மெலிந்த பெடியன் முதலாவதாக வந்தான். கச்சான் இல்லத்துக்கு அந்த வருடம் கிடைத்த ஒரே முதலிடம் அதுதான்.

கடைசிப் போட்டி படகோட்டம். அதற்கு முன்பு வாடைக்கு நாற்பத்தொரு புள்ளி, சோளகத்துக்கு முப்பத்தெட்டு. படகோட்டத்தில் முதலிடத்துக்கு ஐந்து, இரண்டாமிடத்துக்கு இரண்டு. தோணிகள் இரண்டே இருந்ததால் முன்னணியில் நின்ற அந்த இரண்டு இல்லங்கள்தான் மோதின. கடல் இல்லாதபடியால் இரணைமடுவிலிருந்து வருகிற பெரிய வாய்க்காலில் ஓட்டம். சிறுபோகக் காலம், வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மதகடியில் இருக்கிற இரும்புக் கதவை மூடினால் மேலே நானூறு மீற்றருக்குத் தண்ணீர் தேங்கி, தோணி விடுகிற ஆழம் வரும்.

வயல்களுக்குத் தண்ணீர் முறை பார்க்கிற தங்கராசாவிடம் தாட்சாயினி போய்க் கேட்டாள்.

"ஒரு மணியிலயிருந்து மூண்டு மணிவரைக்கும் பூட்டித் தாறன்," என்றார் தங்கராசா. "மூண்டு மணிக்குத் திறக்கவேணும் பிள்ளை. அதுக்குப் பிறகு தண்ணி முறை உம்மட அப்பாற்றை. ஒரு நிமிசம் பிந்தினாலும் அந்த மனிசன் என்னை விடாது."

"இரண்டு மணிக்குத் தொடங்கினால் இரண்டேகாலுக்கு முடிஞ்சிடும் அண்ணை."

இரண்டு மணிக்கு வாய்க்கால் கரை இரண்டும் நிறைந்திருந்தது. இடம்பெயர்ந்த கரையூர்ச் சனம் ஒரு கரையில், குடியேற்றத் திட்டத்துச் சனம் மறுகரையில். கச்சான் இல்லத்தார் இரண்டு கரையிலும் ஓடி ஓடி வறுத்த கச்சானைக் காகிதச் சுருளில் கொடுத்துக்கொண்டு திரிந்தார்கள். தங்கராசாவும் ஒரு சுருளோடு சனத்துக்குள் போய்விட்டார். பரிசு ஒரு தட்டில், வெள்ளைத் துணியில் வைத்திருந்தது: மூன்று கட்டிச் சவர்க்காரம். அதைப் பார்க்கவென்றே பலர் வந்திருந்தார்கள்.

எல்லாம் சரி. ஆனால் அதிபர் பேச எழுந்தார். சிறு முன்னுரை என்றுதான் சொன்னார். சுயஸ் கால்வாயில் தன் கப்பல் தரைதட்டி நின்ற கதையைத் தொடங்கினார். அந்தக் கப்பல் அன்றைக்கு நாற்பத்தைந்து நிமிடம் தரைதட்டி நின்றது. தாட்சாயினிக்கு விசிலில் கை போய்ப் போய் வந்தது, ஊதத் துணிவு வரவில்லை. மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கப்பல் மிதந்தது. கைதட்டல் முடியுமுன்னே அவள் ஊதினாள்.

தோணிக்கு நான்கு பேர். வாடைத் தோணி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போயிற்று. அனிஸ்ரன் ஆட்களின் துடுப்புகள் நான்கும் ஒன்றாக இறங்கி ஒன்றாக எழுந்தன. சோளகத் தோணி முதல் ஐம்பது மீற்றரில் இரண்டு தரம் சுற்றியது. சுகிர்தன் ஒரு பக்கம் வலிக்க, மற்ற மூவர் மறுபக்கம் வலித்தார்கள். "மண்வெட்டி பிடிக்கிற மாதிரிப் பிடியுங்கோடா!" என்று அவன் கத்தினான். அதன்பிறகு தோணி நேரே போனது. ஆனாலும் முக்கால்வாசித் தூரத்தில் வாடை நான்கு தோணி நீளம் முன்னால்.

அப்போது தண்ணீர் கீழே இறங்கியது. முதலில் ஒருவரும் கவனிக்கவில்லை. பிறகு துடுப்பு சேற்றில் பட்டது. பிறகு வாடைத் தோணி 'சர்' என்று உரசி நின்றது, பின்னால் வந்த சோளகமும் நின்றது. எட்டுப்பேரும் துடுப்பைப் பிடித்தபடி சேற்றுக்கு நடுவில் இருந்தார்கள். ஒரு விரால் மீன் அவர்களுக்கு நடுவே துள்ளியது.

தாட்சாயினி மதகைப் பார்த்தாள். அங்கே அவளுடைய அப்பா பரமலிங்கம், மடித்துக் கட்டிய சாரத்தோடு, கதவின் இரும்புச் சில்லைச் சுற்றிக்கொண்டு நின்றார். கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், சுற்றுகிறார், பார்க்கிறார், சுற்றுகிறார். மணி மூன்றுக்குமேல் ஒரு நிமிடம்.

அவள் ஊதினாள். கப்பல் தாழும்போது ஊதுகிற அந்த ஊதல் வாய்க்கால் முழுக்கப் போயிற்று. பரமலிங்கம் திடுக்கிட்டுச் சில்லை விட்டார்.

"அப்பா! போட்டி நடக்குது!"

மகள் இவ்வளவு சத்தமாகக் கூப்பிட்டதை அவர் அதுவரை கேட்டதில்லை. ஆனால் அவர் அசையவில்லை.

"மூண்டு மணி, பிள்ளை! என்ர முறை! தங்கராசாவைக் கேள்!"

 அவர் சொன்னது சரி. முறை என்றால் முறைதான், இதுவும் ஒரு விதி. அவள் கையில் இருந்த தாள்களைப் புரட்டினாள். கரை இரண்டிலும் சனம் கத்தியது. "திரும்ப ஓடுங்கோ!" என்றார்கள் குடியேற்றத்தார். "வாடைக்குக் குடுங்கோ!" என்றார்கள் கரையூரார். ஐம்பத்தெட்டாம் விதியில் அவள் விரல் நின்றது. அவளே அடித்த வரி. படகின் அணியம், அதாவது முன்மூக்கு, கோட்டைத் தாண்டும்போது படகோட்டிகள் நால்வரும் படகைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அவ்வளவுதான். தண்ணீர் இருக்கவேண்டும் என்று எங்கேயும் இல்லை.

"போட்டி நிக்கேல்லை!" என்று கத்தினாள். "படகும் நாலு பேரும் கோட்டைத் தாண்டவேணும்! எப்பிடித் தாண்டினாலும் சரி!"

ஒரு கணம் ஒருவருக்கும் விளங்கவில்லை. சுகிர்தனுக்குத்தான் முதலில் விளங்கியது. சேறு அவனுக்குச் சொந்த வீடு. நான்குபேரும் குதித்து, தோணியைக் கவிழ்த்துத் தலைக்குமேலே தூக்கிக்கொண்டு ஓடத் தொடங்கினார்கள். வெளியே எட்டுக் கால்கள் மட்டும் தெரிந்தன.

வாடை இல்லத்தார் தோணியைக் கடற்கரையில் இழுப்பதுபோல இழுத்தார்கள். கரையில் நின்ற கிழவர்கள் இழுவைக்கு ஓசை கொடுத்தார்கள், ஓசைக்கு ஏற்ப அவர்கள் ஒவ்வொரு முழமாக முன்னேறினார்கள். ஆனால் கடற்கரை மணல் வேறு, வாய்க்கால் சேறு வேறு. அனிஸ்ரன் இடுப்பளவு புதைந்தான்.

தோணிக்கு அடியிலிருந்து சுகிர்தனின் குரல் வந்தது. "எந்தப் பக்கம்? எனக்கு ஒண்டும் தெரியேல்லை!"

"வலது!" என்றது ஒரு கரை. "இடது!" என்றது மற்றக் கரை. தோணி வலப்பக்கக் கரையில் ஏறி, இரண்டு கச்சான் சுருளை மிதித்து, இறங்கி, இடப்பக்கம் போய், திரும்பி வந்தது. சிரித்துச் சிரித்து ஒரு பெண் நிலத்தில் குந்திவிட்டாள். அதிபர் கையிலிருந்த தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். கவிழ்ந்த தோணியின் மூக்கும் இழுபட்ட தோணியின் மூக்கும் கிட்டத்தட்ட ஒன்றாகக் கோட்டுக்கு வந்தன. ஒரு சாண் முந்தியது கவிழ்ந்த தோணி.

தாட்சாயினி சோளகத்தின் பக்கம் கையைத் தூக்கினாள். அனிஸ்ரன் சேறு வழிய அவள்முன் வந்து நின்றான்.

"மிஸ், அவங்கட படகு கவிண்டு போச்சு. கவிண்ட படகு போட்டியில இல்லை. அறுபதாம் விதி. நீங்கள்தான் ஒட்டினனீங்கள்."

 அவன் சொன்னதும் சரிதான், கவிழ்ந்த படகு விலக்கப்படும் என்று அறுபதாம் விதி சொன்னது. தாட்சாயினி அதிபரைப் பார்த்தாள். அவர் வானத்தைப் பார்த்தார். அவள் தோணியைப் பார்த்தாள். அது இன்னும் நான்கு தலைகளுக்கு மேலே, அடிப்பக்கம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

"தம்பி," என்றாள், "தண்ணி இல்லாத இடத்தில படகு கவிழாது."

அனிஸ்ரன் அதை யோசித்தான்.  பிறகு அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

நாற்பத்து மூன்றுக்கு நாற்பத்து மூன்று. இல்லத்துக்கு ஒரு கட்டி என்று வாடையும் சோளகமும் எடுத்துக்கொள்ள, மூன்றாவது கட்டியை எல்லோருமாகச் சேர்ந்து கச்சான் இல்லத்துக்குக் கொடுத்தார்கள். பரமலிங்கம் தன் வயல் நிரம்பியதும் கதவை மூடிவிட்டு வந்து, மேல் மதகிலிருந்து வாய்க்கால் மறுபடி நிரம்பிக்கொண்டிருந்ததைக் காட்டி, "இப்ப வேணுமெண்டால் இன்னொருக்கா ஓடுங்கோவன்," என்றார்.  நிதர்சனாவும் பெண்பிள்ளைகளும் சவர்க்காரத்தோடு வாய்க்காலுக்குள் இறங்கினார்கள். இறங்கும்போது தாட்சாயினியையும் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். அவள் "விடுங்கோ, விடுங்கோ" என்று சொல்லிக்கொண்டே தானாக நடந்து இறங்கினாள். நெஞ்சளவு தண்ணீரில் குந்தியிருந்து, மூச்சு முட்டுமட்டும் சிரித்தாள்.

தொண்ணூற்றாறில் சண்டை வட்டக்கச்சிக்கும் வந்தது. கல்லூரி மறுபடி கிளம்பவில்லை. பயிலுநர்கள் திக்குத் திக்காகப் போனார்கள், தாட்சாயினி குடும்பத்தோடு ஸ்கந்தபுரத்துக்குப் போனாள். மர நிழலில் நடந்த ஒரு பள்ளிக்கூடம் அவளை விளையாட்டுக்குப் பொறுப்பாகச் சேர்த்துக்கொண்டது. கனகராயன்குளத்திலிருந்து இடம்பெயர்ந்த ஒருவருக்குக் கலியாணம் பேசி வந்தார்கள். மாப்பிள்ளையின் தமக்கை, "கலியாணத்துக்குப் பிறகு மைதானத்தில நிண்டு விசில் ஊதுறதை விட்டிடுவீரோ?" என்று கேட்டார். "மாட்டன்," என்றாள் தாட்சாயினி. பக்கத்து வளவிலும் கேட்டது. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார், கலியாணம் நடந்தது.

பரமலிங்கத்துக்கு அந்தப் படகோட்டம் மட்டும் தீரவே இல்லை. அகதி வாழ்க்கையில் வயலும் முறையும் இல்லாமல் போன பிறகு, மகளின் தீர்ப்புகள்தான் அவருக்கு வேலை. சாப்பிட இருந்தால், "எண்டாலும் கவிண்டது கவிண்டதுதான்," என்று தொடங்குவார். மகள் நடுவராக நிற்கிற ஆட்டமெல்லாவற்றுக்கும் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்.

இரண்டாயிரத்தோராம் ஆண்டு ஒரு வலைப்பந்தாட்டம். பந்தோடு காலெடுத்து வைத்தாள் என்று ஒரு சிறுமிக்குத் தாட்சாயினி விசில் ஊதினாள்.

"அது ஒரு அடிதான்!" என்றார் கோட்டோரத்திலிருந்து பரமலிங்கம்.

"அப்பா, கதையாதேங்கோ."

"ஒரு அடி எடுக்கலாம் எண்டு நீதானே சொன்னனி!"

அவள் ஆட்டத்தை நிறுத்தி, அவரிடம் நடந்து வந்து, மைதானத்துக்கு வெளியே கையைக் காட்டினாள். அவர் அவளைப் பார்த்தார், கையைப் பார்த்தார். எழுந்து, கதிரையைத் தலைமேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு, வேலிக்கு அந்தப் பக்கம் போய்ப் போட்டு அதில் இருந்தார். அங்கிருந்து கத்துவதற்கு விதியில் தடை இல்லை. ஆட்டம் முடியும்வரை கத்தினார்.